46 காலைகளுக்கும் நன்றி

வேலூர்ப் பெரியோருக்கும், தாய்மாருக்கும், பாய்மாருக்கும், ஆட்டோ ஓட்டும் தம்பிகளுக்கும், எங்கள் சபையாருக்கும் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

ஈஸ்டருக்கு முன்வரும் தவக்காலமாகிய லெந்து நாட்களை 40 என்றுதான் எண்ணுவோம். அந்தக் கணக்கில் ஞாயிறு சேராது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கும். அதனால் லெந்து தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை 46 காலையும் கஞ்சி அண்டா அடுப்பேறியது.

கஷ்டத்தில் கிடப்பவருக்கு ஆண்டவர்மேல் நம்பிக்கை எப்படித் துளிர்க்கும் என்று கேட்டால் எலியாவைத்தான் காட்டுவோம். வேதத்தில் முதலாம் ராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில், செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். தூங்கவிட்டான். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் ஆண்டவர் பேசிய மெல்லிய சத்தமெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறாமல் காத்துக்கொடுத்தவர்களுக்கே இந்த மடல்.

முதல் நன்றி அடுப்படிக்கு. இந்த முறை ரமலானும் லெந்தும் சேர்ந்து வந்தன. ஸஹருக்கு (நோன்பு தொடங்குமுன் விடியலில் சாப்பிடுவது) எழுந்த பாய்மார் 4 மணிக்கே அடுப்பு மூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பழகிய கை அவர்களுடையது. 100 பேருக்கு நொய்யரிசி 5 கிலோ, வறுத்த பாசிப்பருப்பு 1 கிலோ, பூண்டு அரைக் கிலோ, வெந்தயம் 50 கிராம், தண்ணீர் 50 லிட்டர் என்று அளவு கட்டித் தந்தவர்களும் அவர்களே. பருப்பு வெந்த பிறகுதான் நொய் விழவேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்குமுன் கொட்டினால் கட்டி தட்டும். நொய் விழுந்தபின் துடுப்பை நிறுத்தினால் அடி பிடிக்கும். அப்படிப் பிடித்துவிட்டால் சுரண்டக்கூடாது, மேலாக மொண்டு வேறு அண்டாவுக்கு மாற்றிவிட வேண்டும். சுரண்டினால் தீய்ந்த வாடை மொத்தத்திலும் ஏறிவிடும். உப்பு கடைசியில்தான், அதுவும் 10 லிட்டரைத் தனியே எடுத்து வைத்த பிறகு. உப்பு தள்ளச் சொல்லப்பட்டவர்களுக்கு அந்தப் பங்கு. நோயாளிக்கென்று வாங்கிப் போனவர்களிடம், வார்டு சிஸ்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்று ஒவ்வொரு தூக்குவாளிக்கும் சலிக்காமல் சொன்ன அக்காமாருக்கு இரட்டை நன்றி.

அடுத்தது மொழி. காட்பாடியில் ரயில் இறங்கி வருகிறவர்களில் வங்காளியும் இந்தியும் தெலுங்கும் பேசுகிறவர்கள் ஏராளம். காந்தி ரோடு லாட்ஜ்களிலும் கடைகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் எங்களுக்கு நாக்காக இருந்தார்கள். ஜெபத்தை மொழிபெயர்ப்பது விலையை மொழிபெயர்ப்பது போலல்ல. ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்த வேண்டும். அழுகையை மொழிபெயர்க்கவே கூடாது. இதை அந்தப் பிள்ளைகள்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

நோயாளிகளுக்காக ஜெபிக்க வார்டுக்குப் போன அண்ணன்மார், அக்காமாருக்குச் சற்று விரிவாகவே நன்றி சொல்லவேண்டும், ஏனென்றால் கெட்டுப்போகக்கூடிய வேலை இதுதான். இருவராகப் போனீர்கள். கை கழுவினீர்கள். கட்டிலில் உட்காரவில்லை. "ஜெபிக்கலாமா?" என்று கேட்டு, வேண்டாம் என்றவரிடம் சிரித்துவிட்டு நகர்ந்தீர்கள். அவர்களுக்கும் அதே கஞ்சிதான். 10 நிமிஷத்தில் 8 நிமிஷம் கேட்பது, 2 நிமிஷம் ஜெபிப்பது என்ற கணக்கைக் காப்பாற்றினீர்கள். வேதத்தில், எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர் மூவரும் 7 நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல ஊழியம்தான் செய்தார்கள். காரணம் சொல்ல ஆரம்பித்ததும் கெட்டது. "விசுவாசம் குறைவு", "ஏதோ பாவம்", "மாத்திரையை நிறுத்துங்கள்", "கட்டாயம் சுகமாகும்" என்ற நான்கையும் நீங்கள் யாரும் சொல்லவில்லை. நோயாளியின் பெயரையும் வியாதியையும் ஜெபக் குறிப்பு என்று வாட்ஸ்அப்பில் போடவும் இல்லை.

என்ன வாசிப்பது என்பதிலும் நிதானம் காட்டினீர்கள். சங்கீதம் 23, 121 எல்லாருக்கும் தெரியும். நாள்பட்ட வியாதிக்காரரிடம் 13-ஐ எடுத்தது சரியான தேர்வு. 6 வசனம்தான்; எதுவரைக்கும் என்ற கேள்வியில் தொடங்குகிறது. அதற்கும் மனம் ஒப்பாதவருக்கு 88. அது கடைசிவரை இருட்டிலேயே முடிகிற சங்கீதம். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்பதே சிலருக்கு ஆறுதல். முறையிடுகிறவனும் ஆண்டவரிடம்தானே முறையிடுகிறான்?

வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் ஜெபத்தோடு முடித்துக்கொள்ளாமல், தனியே விடாமல், சிஸ்டரிடம் சொல்லி, 104, 14416 என்ற உதவி எண்களை எழுதிக் கொடுத்தவர்களுக்கு நாங்கள் சொல்லும் நன்றி போதாது.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரை ஒரு காலத்தில் கேலி பேசுவார்கள். கோட்டைக் கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பினார். 2021 நவம்பரில் பாலாறு இரு கரை தொட்டு ஓடியது. ராஜாவுக்கு மட்டும்தான் இன்னும் காத்திருக்கிறோம்!

கடைசியாக, இரவல் வாங்கிய இரண்டு அண்டாவையும் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாகிவிட்டது. மூங்கில் பிடி போட்ட ஒரு துடுப்பும், மூடியில்லாத மூன்று தூக்குவாளிகளும் சபை மண்டபத்தில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கஞ்சி ஊழியத்தார்,
வேலூர்