மகளின் குடலில் இருந்த பாலிப்பை அகற்றித் தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

மலத்தோடு ரத்தம் போகிறது. ஆனால் வலி என்று அழுவதில்லை, ஓடியாடி விளையாடுகிறாள். நான்கு வயதுப் பிள்ளைக்கு மூலமா, மலச்சிக்கலா என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். "வலியில்லாமல் ரத்தம் என்றால் இந்த வயதில் பாலிப்பாக, அதாவது குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதைக் கட்டியாக இருக்கலாம், பார்த்துவிடுவோம்" என்று சொன்ன குழந்தைகள் நல மருத்துவருக்கு முதல் நன்றி.

குடல் மருத்துவர் ஒரு தாளில் பெருங்குடலை வரைந்து, அதன் கடைசிப் பகுதியில் காம்போடு தொங்கும் பழம்போல ஒன்றைப் போட்டுக் காட்டினார். குழந்தைகளுக்கு வருகிற ஜுவனைல் பாலிப், பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், புற்றுநோய் இல்லை என்றார். வயிற்றைத் திறக்காமலே, ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டு, காம்பில் கம்பிச் சுருக்கை மாட்டி, மின்சாரச் சூட்டில் அறுத்துவிடலாமாம். நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா என்ற மருத்துவர்கள் 1969-இல் தொடங்கிவைத்த முறை இது. ரத்தம் கசியலாம், அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அப்படிச் சொன்னதால்தான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

உண்மையில் பெரும்பாடு முந்தைய நாள்தான். குடலைச் சுத்தம் செய்யும் மருந்துத் தண்ணீரைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வாள். வார்டு நர்ஸ் அக்கா அதைக் குளிரவைத்து, உறிஞ்சுகுழல் போட்டு, பொம்மைக்கு ஒரு வாய், இவளுக்கு ஒரு வாய் என்று குடிக்கவைத்தார். சிவப்பு ஜூஸ் மட்டும் கூடாது, உள்ளே ரத்தம்போலத் தெரியும் என்று தடுத்தவரும் அவரே. ஒவ்வொரு தடவையும் அவள் மலம் கழித்த பாத்திரத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்து, "இன்னும் கலங்கல்தான்" என்பார். தெளிந்த மஞ்சள் தண்ணீராக வந்தபோது எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம்! எந்தச் சம்பளத்தில் இதைச் சேர்ப்பது?

அவள் தூங்கும்வரை அம்மாவின் கையைப் பிடித்திருக்க விட்ட மயக்க மருத்துவரையும் மறக்க மாட்டோம்.

பாலிப் ஆசனவாய்க்குப் பக்கத்திலேயே கிடைத்துவிட்டது. இருந்தும் மருத்துவர் பெருங்குடல் முழுவதையும் பார்த்தார். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் மரபணுச் சோதனை, ஆண்டுக்கணக்கான கண்காணிப்பு என்று கதையே வேறாகிவிடும். வேறெதுவும் இல்லை. எடுத்ததை நுண்ணோக்கியில் பார்த்து ஜுவனைல் பாலிப்தான் என்று உறுதிசெய்த, நாங்கள் முகம்கூடப் பார்க்காத நோயியல் மருத்துவருக்கும் நன்றி.

அப்புறம், வீட்டுக்கு வந்தபின் துளி சிவப்பைப் பார்த்துப் பதறி நள்ளிரவில் போன் செய்தபோது, சலிக்காமல் "எவ்வளவு? கட்டியாக வந்ததா? பிள்ளை சோர்ந்திருக்கிறாளா?" என்று கேட்டுத் தேற்றிய டியூட்டி டாக்டருக்கும், சின்னவனைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அத்தைக்கும் நன்றி. இப்போது ரத்தம் இல்லை. திரும்ப வந்தால் மட்டும் காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்புடன்,
அவளுடைய அப்பா