ஸ்டைலை அப்புறம் பார்க்கலாம்: நர்சிங் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். புதுச்சேரியில் எம்.எஸ்சி. நர்சிங் மாணவிகளுக்குக் கைடாக இருக்கிறேன். தீசிஸ் முடிந்த கையோடு அதிலிருந்து ஒரு பேப்பராவது போட்டுவிட வேண்டும் என்று பிள்ளைகளை விரட்டுகிற ஆளும் நான்தான். அந்த உரிமையில் கேட்கிறேன். ஒரு மேனுஸ்கிரிப்ட் முதல்முறை உங்களிடம் வரும்போது, ரெஃபரன்ஸ், அதாவது மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் பட்டியல், எந்த ஸ்டைலில் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகு மாற்றச் சொல்லுங்கள், ஒரு கமா பிசகாமல் மாற்றித் தருகிறோம்.

கடலூர்ப் பக்கம் மீனவப் பெண்களிடையே சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு பற்றி என் மாணவி ஒருத்தி ஆய்வு செய்தாள். ஓர் இதழுக்கு அனுப்பினோம். பல வாரம் கழித்து ஒரே வரியில் பதில்: ரெஃபரன்ஸ் எங்கள் ஸ்டைலில் இல்லை, திருப்பி அனுப்புகிறோம். சாம்பிள் சரியா, கேள்வித்தாள் சரியா, எதைப் பற்றியும் ஒரு சொல் கிடையாது. சரி, வேறு இதழுக்கு அனுப்பலாம் என்றால் அவர்கள் கேட்பது பெயரும் ஆண்டும் போடுகிற ஏபிஏ ஸ்டைல். எங்களிடம் இருந்ததோ எண் போடுகிற வான்கூவர் ஸ்டைல்.

வான்கூவரிலிருந்து ஏபிஏவுக்கு மாற்றுவது என்றால் என்ன என்று, கையால் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வாக்கியத்துக்கு வாக்கியம் மேலே ஏற்றியிருக்கும் எண்களை எடுத்துவிட்டு, அங்கே பெயரும் ஆண்டும் போட வேண்டும். வந்த வரிசையில் இருந்த பட்டியலை அகர வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். ‘ஜே அட்வ் நர்ஸ்’ என்று சுருக்கியிருந்த இதழின் பெயரை ‘ஜர்னல் ஆஃப் அட்வான்ஸ்டு நர்சிங்’ என்று விரித்து, சாய்வெழுத்தாக்க வேண்டும். பக்க எண் 284-7 என்றிருந்தால் 284–287 ஆக வேண்டும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வான்கூவர் கேட்கும் பல இதழ்கள் முதல் 6 ஆசிரியர்களோடு நிறுத்தி ‘எட் அல்’ (மற்றும் பிறர்) போடச் சொல்கின்றன. ஏபிஏ ஏழாம் பதிப்போ 20 பேர் வரை எல்லாருடைய பெயரையும் கேட்கிறது. விட்டுப்போன பெயர்கள் நம் பட்டியலில் இருக்காது. ஒவ்வொரு கட்டுரையையும் மறுபடி பப்மெட் என்கிற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் தேடி எடுக்க வேண்டும். அந்தப் பெண் இதையெல்லாம் செய்தது நைட் டூட்டி முடித்து வந்த காலை நேரங்களில்.

ரெஃபரன்ஸ் பட்டியலைத் தானே அமைத்துத் தருகிற ஜோட்டெரோ மென்பொருள் இருக்கிறதே, இலவசம்தானே என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அதன் களஞ்சியத்தில் இருக்கும் ஸ்டைல்கள் 10,000-க்கும் மேல். பெயர் மட்டும் மாறி ஒன்றையே காட்டுபவை அவற்றில் நிறைய உண்டு என்றாலும், மிச்சம் இருப்பதே மலைக்க வைக்கும். அப்படியும் எங்கள் பிள்ளைகள் அனுப்புகிற சின்ன இதழ்களின் பெயர் பல நேரம் அதில் இருக்காது. வழிகாட்டுதலில் ‘வான்கூவர்’ என்று போட்டுவிட்டு, கீழே உதாரணத்தில் ஆண்டை அடைப்புக்குறிக்குள் வைத்திருப்பார்கள். அது எந்த ஊர் வான்கூவரோ!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் 1978-ல் கூடிப் பேசியதே இந்தச் சிரமத்தைக் குறைக்கத்தான். பொதுவான ஒரு வடிவத்தில் கட்டுரை வந்தால் நாங்கள் எல்லோரும் வாங்கிக்கொள்வோம், எங்கள் இதழுக்கென்று மாற்ற வேண்டியதை அச்சுக்குப் போகும்போது நாங்களே மாற்றிக்கொள்வோம் என்பதுதான் அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. டைப்ரைட்டர் காலத்தில் கொடுத்த சலுகையைக் கம்ப்யூட்டர் காலத்தில் பிடுங்கிக்கொள்வது என்ன நியாயம்? பிளாஸ் ஒன் இதழில் 2019-ல் வந்த ஒரு கணக்கெடுப்பின்படி, ஃபார்மேட்டிங்குக்கு மட்டும் ஒரு மேனுஸ்கிரிப்டுக்கு 14 மணி நேரம் போகிறது. ஒரு ஆய்வாளருக்கு ஆண்டுக்கு 52 மணி நேரம். படம், அட்டவணை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. எல்சேவியர் போன்ற பெரிய பதிப்பகமே பல இதழ்களில் முதல் சப்மிஷனுக்கு இந்த ஸ்டைல்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை.

ஒழுங்காக ரெஃபரன்ஸ் எழுதத் தெரியாதவர் ஆய்வை மட்டும் ஒழுங்காகச் செய்திருப்பாரா என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கலாம். ஒரு காலத்தில் அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் புள்ளி, கமா, அரைப்புள்ளி எல்லாம் கச்சிதமாக வைத்து ஒரு வான்கூவர் பட்டியலை நொடியில் கொடுத்துவிடும். அதில் சில கட்டுரைகள் உலகத்திலேயே இருக்காது. கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளமான டிஓஐயைச் சொடுக்கினால் வேறு எதுவோ திறக்கும், இல்லையென்றால் எதுவுமே திறக்காது. உங்கள் டெக்னிக்கல் செக் அந்தப் பட்டியலை உள்ளே விட்டுவிட்டு, பப்மெட்டில் தேடிப் படித்துக் கையால் எழுதிய பெண்ணை வாசலிலேயே நிறுத்துகிறது.

இருக்கிற கட்டுரையை எடுத்துக்காட்டுவதிலும் வண்டி வண்டியாகப் பிழை. மருத்துவ இதழ்களில் வந்த மேற்கோள்களைச் சோதித்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2015-ல் பியர்ஜே இதழ் வெளியிட்டது: ஏறக்குறைய நான்கில் ஒன்றில், மூலக் கட்டுரை சொல்வதும் மேற்கோள் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. புண்ணுக்கு எப்படி டிரெஸ்ஸிங் செய்வது, கதீட்டரை எத்தனை நாளில் மாற்றுவது என்று எழுதுகிற துறை நம்முடையது. அங்கே தப்பாகக் காட்டிய ஒரு மேற்கோள் வார்டு வரைக்கும் போகும். ஸ்டைல் பார்க்கிற நேரத்தில், பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தைத் தொட்டு, “நீங்கள் சொல்லும் விஷயம் இந்தக் கட்டுரையில் எந்தப் பத்தியில் இருக்கிறது?” என்று கேளுங்கள். கைடுகள் எல்லோருக்கும் வேர்த்துவிடும். நல்லதுதான்.

இன்னொன்று, எங்கள் பெயர். உங்கள் சப்மிஷன் படிவத்தில் ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம். சுந்தரம் மகள் கலைச்செல்வி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழ் முதல் நர்சிங் கவுன்சில் பதிவு வரை எஸ். கலைச்செல்வி. ‘எஸ்’ என்று ஓர் எழுத்தை மட்டும் போட்டால் சில படிவங்கள் ஏற்காது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரை முழுதாக அடிப்பார். கட்டுரை வெளிவந்ததும் வான்கூவர் பட்டியலில் ‘சுந்தரம் கே’, ஏபிஏ என்றால் வாக்கியத்துக்கு நடுவில் வெறும் ‘சுந்தரம்’. நர்சிங் வாசனையே அறியாத சுந்தரத்தை உலகம் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கும். அடுத்த பேப்பரில் வேறு படிவம், அங்கே ‘கலைச்செல்வி எஸ்’. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினால் மூன்றாவதாக ஓர் ஆள். பிரெஞ்சு ஆட்சியில் 1881-க்குப் பிறகு ‘ரெனோன்சான்’ (தங்கள் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்) ஆகிக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டவர்களின் வாரிசுகள் புதுச்சேரியில் உண்டு. அவர்களுக்கு இந்தப் படிவம் தொல்லை தராது. மற்ற எங்களுக்குத்தான் வம்பு. பெயர் எப்படி மாறினாலும் ஆளை அடையாளம் காட்டுகிற ஆர்க்கிட் எண்ணை வாங்கச் சொல்லி மாணவிகளிடம் தலையில் அடித்துச் சொல்கிறேன், வாங்குகிறார்கள். ஆனாலும் பட்டியலில் அச்சாவது பெயர்தானே தவிர, அந்த 16 இலக்க எண் இல்லை.

இதற்குப் பெரிய செலவில்லை. ‘பட்டியலில் உங்கள் பெயர் எப்படி வர வேண்டும்?’ என்று படிவத்தில் ஒரு கட்டம் வையுங்கள், இனிஷியலை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியர்களுக்கான வழிகாட்டுதலில், முதல் சப்மிஷனுக்கு எந்த ஸ்டைலும் சரி, பட்டியல் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும், டிஓஐ உள்ளவற்றுக்கு அதைத் தர வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை உங்கள் இதழின் தலையங்கத்திலேயே எழுதுங்கள், மாணவிகளோடு சேர்ந்து படிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நர்சிங் விரிவுரையாளர்,
புதுச்சேரி