மேற்பார்வைப் படிவத்தை மாத்துங்கோ: வன்னியில இருக்கிற கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சேர், வணக்கம் மேடம்,

நான் வன்னியில உள்ளுக்க இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில ஆரம்பப் பிரிவு படிப்பிக்கிறன். உங்களிட்டக் கேக்கிறது ஒரேயொரு விஷயம். வகுப்பைப் பாக்க வரேக்க நீங்கள் கொண்டுவாற படிவத்தை மாத்துங்கோ.

ஏனெண்டு சொல்லுறன். தரம் 3இல ஒரு பிள்ளை, வாயால கதை கேட்டா அருமையாச் சொல்லும், வாசிக்க விட்டா திக்கி நிண்டிடும். எங்கட எழுத்தில 'கொ' எண்டு எழுதினா கொம்பு (ெ) முன்னுக்கு நிக்குது, அரவு (ா) பின்னுக்கு நிக்குது, ஆனா ரெண்டும் சேர்ந்த சத்தம் 'க்'குக்குப் பிறகுதான் வருது, கண் போற ஒழுங்கு ஒண்டு வாய் சொல்லுற ஒழுங்கு இன்னொண்டு. வாசிப்பு இடர்பாடு இருக்கிற பிள்ளைக்கு இது பெரிய மலை. 247 எழுத்தையும் திரும்பத் திரும்ப எழுத விட்டா கைதான் நோகும். சத்தத்தைப் பிரிச்சுக் காட்டோணும், எழுத்து அட்டையைக் கையால நகர்த்த விடோணும், மண்ணில விரலால எழுத விடோணும், அதுக்கு நேரம் வேணும்.

இன்னொரு பிள்ளைக்குக் காது சரியாக் கேக்காது. கரும்பலகையைப் பாத்துக்கொண்டு கதைச்சா அவனுக்கு வாயசைவும் இல்லை. கடைசி வாங்கில இருந்து முன்னுக்குக் கொண்டுவந்து, முகம் பாத்து, படமும் சைகையுமாச் சொன்னா விளங்கிக்கொள்ளுறான். மாரியில தகரக் கூரையில மழை அடிக்கேக்க வகுப்பில ஒருத்தருக்குமே கேக்காது, அப்ப அவனுக்கெண்டு வரைஞ்ச படம்தான் முழு வகுப்பையும் நடத்தும்.

இப்பிடி ரெண்டு மூண்டு பிள்ளைக்காக ஒரு பாடத்தில நிண்டு படிப்பிச்ச டீச்சருக்குப் படிவத்தில என்ன விழுது? 'பாட அலகு பின்தங்கியுள்ளது.' கொப்பி திருத்தினதா, பாடக்குறிப்பு இருக்கா, எத்தினை அலகு முடிஞ்சுது, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில எத்தினை பேர் வெட்டுப்புள்ளிக்கு மேல, இவ்வளவும் கேக்கிற படிவத்தில 'விளங்காத பிள்ளை ஆர், அவருக்காக என்ன மாத்தினீங்கள்' எண்டு ஒரு கேள்வி இல்லை. பிறகு வாத்திமார் கடைசி வாங்கை விட்டுட்டு ஓடினம் எண்டு அவையில குறை சொல்லேலாது.

விசேட தேவையுள்ள பிள்ளையளுக்கெண்டு தனி வகுப்பா விசேட கல்வி அலகு இருக்குத்தானே எண்டு சொல்லுவியள். சில பிள்ளையளுக்கு அது கட்டாயம் தேவை, அங்க படிப்பிக்கிறவையில எனக்குப் பெரிய மரியாதை. கைதடி நவீல்ட் பள்ளிக்கூடம் காது கேக்காத, கண் தெரியாத பிள்ளையளுக்குச் செய்யிற வேலையும் பெரிசு. ஆனா வகுப்பில கொஞ்சம் பிந்தின பிள்ளை எல்லாத்தையும் விசேட கல்வி அலகுக்குத் தள்ளுறது வேற கதை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையைக் காட்டிப் பள்ளிக்கூடத்தில சேர்க்க மறுக்கக் கூடாது எண்டு சொல்லுது, 2016இல இலங்கை ஏற்றுக்கொண்ட, இயலாமையுள்ள ஆக்களின்ர உரிமைக்கான ஐநா சமவாயம் உட்படுத்தல் கல்வியை, அதாவது எல்லாப் பிள்ளையும் ஒரே வகுப்பில சேர்ந்து படிக்கிறதை, உரிமை எண்டு சொல்லுது. பிள்ளையைச் சேர்த்துப்போட்டு மூலையில இருத்திறது சேர்த்ததாகாது.

வன்னியில இதுக்கு ஆக்கள் இல்லை எண்டும் சொல்லாதேங்கோ. ஆசிரியர் பற்றாக்குறையில ரெண்டு மூண்டு தரத்தை ஒண்டா இருத்திப் பல்தர வகுப்பு எடுக்கிற டீச்சர்மார் எங்களிட்ட இருக்கினம். ஒரு பக்கம் கூட்டல், மற்றப் பக்கம் எழுத்து, நடுவில பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கும். வேற வேற மட்டத்தில இருக்கிற பிள்ளையளை ஒரே நேரத்தில படிப்பிக்கிற அந்தக் கைப்பழக்கம்தான் உட்படுத்தல் வகுப்புக்கும் வேணும், அதைக் குறைபாடாப் பாக்கிறதை நிப்பாட்டி மற்றவைக்குக் காட்டக் கேளுங்கோ. மண்டபத்தில நாள் முழுக்க செமினார் வைக்கிறதை விட விசேட கல்வி ஆலோசகர் ஒரு அரைநாள் வகுப்பில எங்களோட இருந்தாக் கனக்கப் பிரயோசனம்.

இன்னொண்டு. விசேட தேவையுள்ள பிள்ளைக்குப் பரீட்சையில மேலதிக நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம், இது கனக்கத் தாய் தேப்பனுக்குத் தெரியாது. விண்ணப்பத் திகதி முடிஞ்ச பிறகு சொல்லி என்ன செய்யிறது, வருசத் தொடக்கத்திலயே பெற்றார் கூட்டத்தில சொல்லச் சொல்லி எல்லா அதிபர்மாருக்கும் அறிவியுங்கோ.

படிவத்தைத் திருத்திறதுக்கு ஒரு கூட்டம் வைச்சா வகுப்பில நிக்கிற எங்களையும் கூப்பிடுங்கோ. பல்தர வகுப்பு எடுக்கிறவையை முதல் கூப்பிடுங்கோ, விசேட தேவையுள்ள பிள்ளையளின்ர அம்மாமார் ரெண்டு பேரையாவது இருத்துங்கோ. சனிக்கிழமை எண்டாலும் நான் வருவன்.

இப்படிக்கு,
வன்னியில இருந்து ஒரு ஆரம்பப் பிரிவு ஆசிரியை