நாற்பத்து மூன்று வயதில் வேறு தொழில்: மகனுக்கு எழுதியது

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதத்தை அம்மாவும் நானும் வாசித்தோம். லீசிங் கம்பனியில் நிலுவை அறவிடும் வேலையை விட்டுவிட்டு, இத்தனை காலமும் மாலை நேரங்களில் செய்துவந்த ஏசி திருத்த வேலையையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டு ஊருக்கு வரப்போவதாக எழுதியிருக்கிறாய். நீ வருவதே அம்மாவுக்குப் போதும். மாமாமார் இருவரும் 43 வயதில் மாதச் சம்பளத்தை விடுவது புத்தியல்ல என்கிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில், தொழில் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவன் என்ற முறையில், எனக்குத் திட்டமான அபிப்பிராயம் உண்டு.

விலகல் கடிதத்தை இப்போதே கொடுத்துவிடாதே. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டுகளைப் பூர்த்திசெய்த ஒருவர் தானாகவே விலகினாலும், பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் அரை மாதச் சம்பளம் அவருக்கு உரியது. அரைகுறையாக நிற்கும் ஆண்டு கணக்கில் வராது. வரும் ஜூனில் உனக்கு 17 ஆண்டுகள் பூர்த்தியாகின்றன. அதுவரை பொறுத்தால் எட்டரை மாதச் சம்பளம், அதற்கு முன் விலகினால் எட்டு மாதம். அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவுப் படியும்தான் இந்தக் கணக்கில் சேரும், அறவீட்டுக்குக் கிடைக்கும் கொமிஷன் சேராது என்பதையும் நினைவில் வைத்துக்கொள். விலகிய 30 நாட்களுக்குள் அவர்கள் அதைத் தந்தாக வேண்டும்.

ஓய்வுகாலத்துக்கான ஊழியர் சேமலாப நிதியை நம்பித் திட்டம் போடாதே. உன் சம்பளத்திலிருந்து நீ கட்டிய 8 வீதமும் கம்பனி கட்டிய 12 வீதமும் பத்திரமாக இருக்கும். ஆனால் வேலை மாறினாய் என்பதற்காக அதைத் தரமாட்டார்கள், ஆண்களுக்கு 55 வயதாக வேண்டும். கம்பனி தனியாக 3 வீதம் கட்டிய ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை மட்டும் விலகும்போது கோரிப் பெறலாம், அதுவும் 5 ஆண்டுகளுக்கு ஒரு தடவைதான். ஏசி வேலைக்கு வேண்டிய வக்யூம் பம்பும், வாயு அழுத்தம் பார்க்கும் கேஜ் செட்டும் வாங்க அந்தப் பணத்தை ஒதுக்கு. நீ உடனே சொந்தக் கடை போட்டால் உனக்காக 12 வீதம் கட்ட யாரும் இருக்கமாட்டார்கள். ஆகவே முதல் சில ஆண்டுகளுக்கு ஓரிடத்தில் சம்பளத்துக்குச் சேர்வதையே நான் விரும்புகிறேன்.

அடுத்தது சான்றிதழ். உன் கைவேலை நல்லது என்று அயலவர்கள் சொன்னால், வேலை தருபவருக்கு அது போதாது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்றொரு வழி இருக்கிறது. வகுப்பில் உட்காராமல், செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைக் கோவையாகக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் செய்முறையும் செய்து காட்டினால், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். பயிலுனர் கைத்தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் விசாரி. அந்தச் சான்றிதழின் 7 மட்டங்களில் உன் வேலைக்குப் பொருந்துவது 3 அல்லது 4. கொழும்பில் இருக்கும்போதே இதை முடித்துவிடு. திருத்திய இயந்திரங்களின் படங்களையும் பற்றுச்சீட்டுகளையும் இன்றிலிருந்தே சேர்க்கத் தொடங்கு. ஏசியில் நிரப்பும் பழைய ஆர்-22 வாயுவின் காலம் முடிந்து வருகிறது. புதிய ஆர்-32 மெல்ல எரியக்கூடியது என்பதால், அதை முறையாகக் கையாளப் பழகியவன் என்று காட்டக்கூடியதாக இருந்தால் உன் மதிப்பு கூடும்.

நீ அனுப்பிய சுயவிபரக் கோவையைப் பார்த்தேன். உயர்தரப் பெறுபேறு முதற்பக்கத்தில் இருக்கிறது, 17 ஆண்டு வேலை ஒரே வரியில் ஒடுங்கிக் கிடக்கிறது. அந்த வேலையை விட்டுப் போக விரும்புவதால் அதை மறைக்கப் பார்க்கிறாய் என்று தோன்றுகிறது. கோபத்தோடு நிற்கும் மனிதரிடம் நிதானமாகப் பேசத் தெரிந்தவன், நாளொன்றுக்கு எத்தனை இடங்களுக்குப் போவது என்று வழி வகுத்து முடிப்பவன், கணக்கைத் துல்லியமாக வைப்பவன், சிங்களத்திலும் தமிழிலும் எழுதப் பேசத் தெரிந்தவன்: ஹோட்டலொன்றின் பராமரிப்புப் பகுதிக்கு இப்படி ஒருவர்தானே வேண்டும்? வாயு நிரப்பத் தெரிந்த பொடியன்மார் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். செலவு மதிப்பீட்டை ஒழுங்காக எழுதித் தருபவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

பாசிக்குடா ஹோட்டல்களும் அறுகம்பே விடுதிகளும் ஏப்ரலில் தொடங்கும் பருவத்துக்காக, மழை ஓய்ந்ததும் இயந்திரங்களைச் சரிபார்க்கத் தொடங்கும். கடற்காற்றின் உப்பு ஏசியின் வெளி அலகுகளை அரிப்பதால் இந்தக் கரையில் திருத்த வேலைக்குக் குறைவில்லை. வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகப் பக்கம் ஐஸ் தேவை எப்போதும் உண்டு, ஐஸ் இயந்திரங்களுக்கும் திருத்துபவர் வேண்டும். காத்தான்குடியிலும் கல்முனையிலும் பெரிய கடைகள் பெருகிவிட்டன. இவற்றில் பல இடங்களில் ஆள் தேவை என்பது விளம்பரத்துக்கு வருவதே இல்லை. உதிரிப்பாகக் கடைக்காரருக்குத்தான் முதலில் தெரியும். பெரியமாமா அரச வேலைகளுக்காக வெள்ளிதோறும் அரச வர்த்தமானியைப் பார்க்கச் சொல்கிறார்; அதில் வரும் பெரும்பாலான வேலைகளின் வயதெல்லையை நீ எப்போதோ தாண்டிவிட்டாய் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நேர்முகத்தில், ஏன் இந்த வயதில் மாறுகிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். பழைய கம்பனியைக் குறைகூறாமல், என்னென்ன திருத்தினாய் என்பதிலிருந்து பேசத் தொடங்கு. உனக்கு மேலே இருப்பவர் உன்னைவிடப் பத்து வயது இளையவராக இருக்கக்கூடும். நம்மூர் வழக்கப்படி அவரைத் தம்பி என்று கூப்பிட்டுவிடாதே.

உன் நியமனக் கடிதத்தின் பிரதியை எனக்கு அனுப்பு. எத்தனை மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று பார்த்து, விலகல் கடிதத்தில் எந்தத் திகதியைப் போடுவது என்று எழுதுகிறேன். மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
அப்பா