செயலாளரின் ஆண்டறிக்கை: கான்ட்ஸ் ஹில் ஸ்டேஷனும் நாங்களும்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. பொங்கல் விழாவும் கோடை ஒன்றுகூடலும் குறையில்லாமல் நடந்தன. தமிழ் வகுப்புக்கு இன்னும் ஓர் ஆசிரியர் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரலாம்.

சரி, எல்லோரும் இன்னமும் பேசுகிற ஸ்டேஷன் உலாவுக்கு வருகிறேன். போனது லண்டன் ரியூப் என்கிற நிலத்தடி ரயிலின் கான்ட்ஸ் ஹில் ஸ்டேஷனுக்கு. "தினமும் போய்வருகிற இடத்தில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று செயற்குழுவிலேயே சிரித்தார்கள். மேலே கட்டடம் என்று ஒன்றும் இல்லைதான். ரவுண்டபவுட்டுக்கு அடியில் நடைபாதைச் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும். ஆனால் எஸ்கலேட்டரின் அடியில், இரண்டு பிளாட்பாரங்களுக்கும் நடுவே நீளுகிற அந்த வளைகூரை மண்டபத்தை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? கட்டடக் கலைஞர் சார்ள்ஸ் ஹோல்டன் வடிவமைத்தது. 1930களில் மொஸ்கோ மெட்ரோவுக்கு லண்டன் ரியூப்காரர்கள் ஆலோசனை சொன்னார்கள். பிறகு மொஸ்கோவின் சாயல் இங்கே வந்து சேர்ந்தது. பிளாட்பாரக் கடிகாரங்களில் எண்களுக்குப் பதிலாக ரியூப் சின்னம் இருப்பதை ஒரு சிறுமிதான் காட்டித்தந்தாள். அந்த மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்தே ஓடுகிற நான் அதைக் கவனித்ததில்லை!

இரண்டாம் உலக யுத்தம் வந்ததால் கட்டுமான வேலை இடையில் நின்றது. 1942இலிருந்து பிளெசி கம்பெனி, லேட்டன்ஸ்டோன் பக்கமிருந்து இங்கே வரையான இரட்டைச் சுரங்கத்தில் தொழிற்சாலை நடத்தியது. இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 5 மைல். விமான உதிரிப்பாகங்கள் செய்ய சுமார் 2,000 பேர், பெரும்பாலும் பெண்கள், நிலத்துக்கடியில் வேலை செய்தார்கள். சாமான் இழுக்க ஒரு குட்டி ரயிலும் ஓடியது. பயணிகள் ரயில் வந்தது 1947 டிசம்பர் 14ஆம் திகதிதான். இதைக் கேட்டதும் எங்கள் மூத்தவர்கள் ஊரில் குண்டுவீச்சுக்கு ஒளிந்து பங்கருக்குள் இருந்த இரவுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு ரயில்களை விட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினோம்.

ஒரு குறை. பங்கர் கதைகளை எங்களுக்கு முதலில் சொன்ன அன்ரி சக்கர நாற்காலியில் இருப்பவர். இங்கே லிஃப்ட் இல்லாததால், நாங்கள் கீழே இருந்த நேரம் முழுவதும் அவர் மேலே தேத்தண்ணீர்க் கடையில் காத்திருந்தார். லிஃப்ட் கேட்டுக் கடிதம் எழுதினோம். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது, அவ்வளவுதான். மறுபடியும் எழுதுவோம்; கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது.

அடுத்த உலா நியூபரி பார்க் ஸ்டேஷனுக்கு. 1949இல் ஒலிவர் ஹில் கட்டிய பஸ் நிறுத்தக் கூரையைப் பார்க்கலாம். அங்கே லிஃப்டும் உண்டு என்று அன்ரியிடம் சொல்லியாயிற்று.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.