அலுமாரியில் இருக்கும் மலர்கள்

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வட்ஸ்அப்பில் எழுதினால் தம்பியைக் கூப்பிட்டுத்தான் வாசிப்பீர்கள் என்று தெரியும். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன்.

"கனடாப் பிள்ளைகள் புத்தகமே தொடமாட்டார்களாம்" என்று போனில் கவலைப்பட்டீர்கள். எங்கள் வீட்டில் கதை மறுவளம். உங்கள் பேரனுக்குக் கடதாசிப் புத்தகம்தான் வேண்டும். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள். ஒன்று எங்களுக்கு நடை தூரத்தில். பை நிறைய அள்ளிக்கொண்டு வருவான். தாமதக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். நான் பஸ்ஸில் போகும்போது, அந்த நூலகத்தின் மின்நூல்களைத் தரும் லிபி (Libby) செயலியில் இரவல் எடுத்து வாசிக்கிறேன். அதிலும் வரிசை உண்டு. நூலகம் எத்தனை பிரதிக்கு உரிமம் வாங்கியதோ, ஒரே நேரத்தில் அத்தனை பேர்தான் வாசிக்கலாம். தவணை முடிந்தால் புத்தகம் தானாகவே திரும்பிப் போய்விடும்.

ஐபேடை விடாமல் வைத்திருப்பவர் மாமிதான். கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை என்று வாசிப்பையே விட்டிருந்தவர். இப்போது மைக்கில் ஊர்ப்பெயரைச் சொல்கிறார், அது தமிழில் விழுகிறது. ஈழத்துத் தமிழ் நூல்களை ஸ்கான் பண்ணி வைத்திருக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் எங்கள் பக்கத்துப் பழைய மலர்களைத் தேடுகிறார். ஸ்கான் பண்ணிய பக்கம் என்பதால் பெருப்பித்தால் வரியின் பாதி வெளியே போய்விடும். ஒவ்வொரு வரியாக விரலால் இழுத்து இழுத்து, வாய்விட்டு வாசிக்கிறார். போன கிழமை தான் படித்த பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர் கிடைத்தது. குழுப் படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பது தன் அக்கா என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மகனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கத் திணறுவான். பக்கத்தை நகர்த்துவது அவன் வேலை, வாசிப்பது அவர் வேலை. அந்த ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் என்னைக் கவனிப்பதே இல்லை.

அப்பா, இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் அலுமாரியில் இருக்கும் நினைவு மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், சனசமூக நிலைய ஆண்டறிக்கைகள் எல்லாவற்றையும் அந்த 'நூலகம்' தளத்துக்காக ஸ்கான் பண்ண விடுங்கள். யாரோ ஒருவரின் முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவு மலரில்தான் அந்தக் குடும்பத்தின் நாலு தலைமுறை இருக்கிறது. அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தவை ஏறக்குறைய 97,000 நூல்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். ஈழநாடு அலுவலகமும் அப்போதுதான் எரிந்தது. அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களை இன்று நான் ஸ்காபரோவில் இருந்து வாசிக்கிறேன் என்றால், 2005இல் தொடங்கிய நூலகம்காரரின் உழைப்புத்தான் காரணம்.

கொடுத்தால் திரும்பி வராது என்பீர்கள். உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. தம்பி கூடவே போய், அன்றன்றைக்குக் கொடுத்ததை அன்றன்றைக்கே திருப்பிக் கொண்டுவரட்டும். செல்லரிக்கத் தொடங்கியவற்றை முதலில் எடுங்கள். மழைக்கு முன்னம் முடித்தால் நல்லது. அம்மம்மாவின் நினைவு மலரையும் மறக்க வேண்டாம். மாமி அதை இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

அம்மாவின் முழங்கால் நோ எப்படி என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த மகள்