நியமன உறுப்பினர் பற்றி ஏன் பேச்சில்லை?

ஐயா,

எங்கள் முத்தியால்பேட்டையில் பிரச்சார வண்டிகள் காலையிலேயே வந்துவிடுகின்றன. எல்லாக் கட்சியும் மாநில அந்தஸ்து வாங்கித் தருவதாகச் சொல்கிறது. சரி, அதைத் தர வேண்டியது டெல்லி. அதுவரை என்ன செய்வீர்கள்?

புதுச்சேரி சட்டசபைக்கு நாம் 30 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். 1963 ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு மேலும் 3 பேரை நியமிக்கலாம். அவர்களுக்கு ஓட்டுரிமையும் உண்டு. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்த நியமனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் விளைவை 2021 பிப்ரவரியில் கண்ணால் பார்த்தோம். அன்றைய முதல்வர் நாராயணசாமி அரசின் பக்கம் 12 பேர், எதிர்ப்பக்கம் 14 பேர்; பெரும்பான்மை இல்லாமல் அரசு கவிழ்ந்தது. அந்த 14 பேரில் மூவர் நியமன உறுப்பினர்கள். அவர்களை நீக்கிவிட்டால் 11 தான். அந்த ஆட்சி நல்ல ஆட்சியா என்பது வேறு விஷயம். (எனக்கும் அதன் மேல் நிறைய வருத்தம் உண்டு.) ஆனால் வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்கள் நாங்கள்.

இலவசங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் வேட்பாளர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நியமன உறுப்பினர்களின் ஓட்டுரிமையை நீக்கச் சட்டத்திருத்தம் கேட்பீர்களா, மாட்டீர்களா? தேர்தல் அறிக்கையில் எழுதிக் கொடுங்கள். அப்புறம் வந்து ஓட்டுக் கேளுங்கள்.

ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.